பாட்டுப் பாடிப் படியளப்பவர்கள்

2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை வெள்ளம் புரட்டிப் போட்டபோது, நமது லேபர் கேம்ப்பில் வீட்டுக்கு வீடு போனும் கையுமாகத்தான் இருந்தார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. இங்குள்ள குடும்பங்கள் பலவற்றுக்கு வேர் அந்தச் சீமையில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வாரமே கூடிப் பேசினோம். நம் பிள்ளைகள் சிலர் ஒரு யோசனையோடு வந்தார்கள். "மாமா, ஒரு பாட்டு எழுதி, பேர் தெரிஞ்ச பாடகர் யாரையாவது பாடவச்சு, படம் பிடிச்சுப் போட்டா பணம் தானா வரும்." பாட்டையும் எழுதியே கொண்டு வந்திருந்தார்கள். பிள்ளைகளின் நல்ல மனசில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தாளில் இருந்ததெல்லாம் ஏந்திய கைகளும் அழுகிற தாயும் பசித்த குழந்தையும்தான். படித்ததும் எனக்கு என் அம்மா நினைவு வந்துவிட்டது.

1993 ஜனவரிக் கலவரத்துக்குப் பிந்தைய நாட்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா வேலை பார்த்த தோல் கிடங்கு அடைத்துக் கிடந்தது. ஒரு நாள் அரிசியும் கம்பளியும் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. உச்சியில் ஒலிபெருக்கி. கலைஞர்கள் சிலர் சேர்ந்து பாடிய உதவிப் பாட்டு அதில் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைப் பாட்டுக்குக் கை தட்டச் சொன்னார்கள், தட்டினோம். கேமராக்காரர் தவறவிட்டாராம், மறுபடி தட்டச் சொன்னார்கள். வரிசையில் நின்ற அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த அரிசியைத்தான் அன்று இரவு பொங்கித் தின்றோம், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் அம்மா எழுந்து போய்விடுவாள்.

இந்த வகைப் பாட்டுகளுக்கெல்லாம் பெரியண்ணன் 1984-இல் லண்டனில் பிறந்தது. எத்தியோப்பியப் பஞ்சத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து மனம் பொறுக்காத பாப் கெல்டாஃப் என்ற பாடகர், மிட்ஜ் யூர் என்பவரோடு சேர்ந்து ஒரு பாட்டை உருவாக்கி, புகழ்பெற்ற பாடகர்களைத் திரட்டி 'பேண்ட் எய்டு' என்ற பெயரில் வெளியிட்டார். இங்கிலாந்தில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் இசைத்தட்டுகள் விற்றன. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும் எழுதிய 'வீ ஆர் தி வேர்ல்டு' வந்தது. திரண்ட பணம் உணவாகவும் மருந்தாகவும் போய்ச் சேர்ந்து பலர் உயிரைக் காத்தது. இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசுவது நியாயமாகாது.

கோளாறு பாட்டின் தலைப்பிலேயே இருக்கிறது. இது கிறிஸ்துமஸ் காலம் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்கிறது அது. எத்தியோப்பியா 4-ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு. இங்கிலாந்தில் அந்த மதம் வேரூன்றுவதற்கு முன்பே அங்கே அரச மதமாகிவிட்டது. ஜனவரி 7-ஆம் தேதி அவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். நீல நைல் புறப்படுவதும் அந்த நாட்டில்தான். பாட்டிலோ அது ஆறும் மழையும் அற்ற பொட்டல். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தப் பஞ்சத்துக்கு வறட்சி பாதிக் காரணம்தான். உள்நாட்டுப் போரும், கிளர்ச்சிப் பகுதிகளை நசுக்கிய அன்றைய ராணுவ அரசின் கொள்கையும் மீதிக் காரணம். பாட்டைக் கேட்டவனுக்கு அதெல்லாம் தெரிய வழியில்லை. பாவம் என்ற ஒரு சொல்தான் மனதில் தங்கும். 2014-இல் எபோலா நிவாரணத்துக்காக அதே பாட்டைப் புதுப்பித்தபோது, கானா வம்சாவளிப் பாடகர் ஃபியூஸ் ஓடிஜி பாட மறுத்தார். ஆப்பிரிக்கா என்றாலே நோயும் பஞ்சமும் என்று காட்டியே தீருவதில் தமக்கு உடன்பாடில்லை என்பது அவர் வாதம்.

அப்படியானால் பிரபலங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க்கில் நடந்த வங்கதேச இசை நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். ஜார்ஜ் ஹாரிசன் தாமாகக் கிளம்பிப் போய்க் கருணை காட்டவில்லை. வங்காளியான ரவிசங்கர் என் மக்களுக்கு உதவு என்று கேட்டார், ஹாரிசன் செய்தார். கேட்டவரும் மேடையில் சமமாக உட்கார்ந்து வாசித்தார்.

ஆனால் இதற்கு நியூயார்க் வரை போவானேன்? நம் கேம்ப்பிலேயே ஒரு கதை இருக்கிறது, நம்மவர்களில் பலருக்கு அது தெரியாது. மராத்திக் கவி அண்ணாபாவு சாத்தே இங்கேதான் குடியிருந்தார். சாங்லி மாவட்டத்து வாட்டேகாவில் தாழ்த்தப்பட்ட மாங் சாதியில் பிறந்தவர். குடும்பத்தோடு நடந்தே மும்பை வந்தவர் என்பார்கள். 1944-இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோரோடு சேர்ந்து 'லால் பாவ்டா கலாபதக்' என்ற பாட்டுக் குழுவைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வங்கப் பஞ்சம் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர் வரை விழுங்கியிருந்தது. விளைச்சல் குறைந்ததைவிட, போர்க்காலத்தில் அரிசி விலை ஏறி கூலிக்காரர்கள் வாங்க முடியாமல் போனதே அதற்குக் காரணம் என்று அமர்த்திய சென் பின்னாளில் விளக்கினார். அந்தப் பஞ்சத்தைப் பற்றி அண்ணாபாவு ஒரு போவாடா கட்டினார். நம் ஊர் வில்லுப்பாட்டைப் போல டஃப் அடித்துக் கதை சொல்லிப் பாடுவது போவாடா. அதன் பெயர் 'பங்காலசி ஹாக்', அதாவது வங்கத்தின் அழைப்பு.

இரண்டு தலைப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் அவர்களுக்கு எதுவும் தெரியுமா என்று கேட்கிறார்கள். மற்றதில் அவர்கள் கூப்பிடுகிறார்கள், நாம் காது கொடுக்கிறோம். பாடியவனும் அரைவயிற்றுக்காரன், கேட்டவனும் அப்படியே என்பதால் வந்த வித்தியாசமாக இருக்கலாம்.

2020 ஊரடங்கின்போதும் இதைக் கண்டோம். நட்சத்திரங்கள் மாடி வீட்டிலிருந்து பாடி, வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றார்கள். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர், கழிப்பறையோ பொது. எங்கே உள்ளே இருப்பது? 'காலா' படத்தில் பாடிய தாராவி ராப் பிள்ளைகள், டோப்டெலிக்ஸ் குழுவினர், அதே செய்தியை நம் பேச்சில் பாடினார்கள். அதைக் கேட்டபோது கோபம் வரவில்லை.

வெள்ளப் பாட்டுக்கு வருகிறேன். பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: பாடுமுன் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருக்கும் என் அத்தைக்கே போட்டார்கள். ஸ்பீக்கரில் அத்தை சொன்னது: "பாட்டெல்லாம் கரண்டு வந்த பொறவு கேட்டுக்கிடுதோம்யா. பிள்ளையளுக்குப் பொஸ்தகம் நனஞ்சு போச்சு, பாயி இல்ல, அத அனுப்புங்க." பிறகு அவளே, அங்கே வெள்ளத்தில் மாட்டி நின்ற திருச்செந்தூர் ரயிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நூற்றுக்கணக்கான பயணிகள் அதில் சிக்கிக் கிடந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்களைச் சுற்றியும் தண்ணீர் நிற்க, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குச் சோறு போட்டார்கள்.

பாயும் நோட்டுப் புத்தகமும் அந்த வாரமே போயின. பாட்டு பொங்கலுக்குத்தான் தயாரானது. பாடகர் யாரும் கிடைக்கவில்லை, பிள்ளைகளே பாடினார்கள். ஏந்திய கைகள் போய், முதல் அடியில் புதுக்குடியின் சோற்றுப்பானை வந்திருந்தது. அத்தைக்குப் போட்டுக் காட்டினோம். தாளம் கொஞ்சம் வேகம் என்றாள்.