68 மார்க் எடுத்தும் சான்றிதழ் இல்லை... ஸ்வயம் ஆன்லைன் கோர்ஸில் மாணவர்கள் கோட்டை விடுவது எங்கே?

12 வாரம் நடக்கும் ஆன்லைன் கோர்ஸ் ஒன்றில் ஒரு கல்லூரி மாணவி சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு வார அசைன்மென்ட்டை ஒழுங்காக முடிக்கிறார். ஒவ்வொன்றிலும் 70 மார்க். அப்புறம் கல்லூரியில் இன்டர்னல் தேர்வு, ரெக்கார்டு நோட்டு, நடுவில் வீட்டில் அக்கா கல்யாணம். அசைன்மென்ட் பக்கமே போகவில்லை. ஆனால் கடைசி நேரத்தில் விழுந்து விழுந்து படித்து, தேர்வில் நூற்றுக்கு 80 எடுத்துவிடுகிறார். கூட்டிப் பார்த்தால் மொத்தம் 68.75. பாஸ்தானே?

இல்லை. சான்றிதழ் கிடையாது.

மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் என்பிடெல் நடத்தும் கோர்ஸ்களில் இருக்கும் விதி இது. கோர்ஸில் சேருவது இலவசம், இரண்டு நிமிட வேலை. கடினமான பாடத்தால் தோற்பவர்களும் உண்டு. ஆனால் பாடம் நன்றாகப் புரிந்தும், இப்படிப்பட்ட சின்னச் சின்ன விதிகள் தெரியாமல் ஒரு செமஸ்டர் உழைப்பைத் தவறவிட வாய்ப்பு நிறையவே இருக்கிறது. கல்லூரியில் 'ஒரு ஸ்வயம் கோர்ஸ் முடித்துவிட்டு வா' என்று சொல்லி அனுப்பிய மாணவர்களுக்காகவும், அவர்கள் வீட்டாருக்காகவும் இந்தத் தொகுப்பு.

ஸ்வயம் என்றால் என்ன? என்பிடெல் என்றால் என்ன?

இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். ஸ்வயம் என்பது மத்திய கல்வி அமைச்சகத்தின் பொதுவான தளம். 2017 ஜூலை 9-ல் தொடங்கப்பட்டது. அதை ஒரு பெரிய பஸ் ஸ்டாண்டு என்று எடுத்துக்கொண்டால், அங்கிருந்து கிளம்பும் பஸ்களை இயக்குபவர்கள் வேறு வேறு அமைப்புகள். அதில் ஒன்றுதான் என்பிடெல். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம் அது. பொறியியல் மாணவர்களுக்கு அதிகம் பழக்கமான பெயர்.

அதற்காக ஸ்வயம் பொறியியல் மாணவர்களுக்கு மட்டும் என்று கலை, அறிவியல் மாணவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. இளநிலைப் பாடங்களுக்கு சிஇசி, முதுநிலைக்கு யுஜிசி, மேலாண்மைக்கு ஐஐஎம் பெங்களூரு, பள்ளிப் பாடங்களுக்கு என்சிஇஆர்டி, என்ஐஓஎஸ் என்று தனித்தனிப் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கோர்ஸ்களைக் கவனிப்பது சென்னை தரமணியில் இருக்கும் என்ஐடிடிடிஆர்.

இதைத் தெரிந்துகொள்வது பொது அறிவுக்காக இல்லை. யார் நடத்துகிறார்களோ, அதைப் பொறுத்துத் தேர்வும் மார்க் கணக்கும் மாறும். என்பிடெல் தன் தேர்வைத் தானே நடத்துகிறது. மற்ற பல கோர்ஸ்களின் தேர்வை என்டிஏ நடத்துகிறது. 'என் ஃப்ரெண்டு இப்படித்தான் செஞ்சான்' என்று அடுத்தவர் கோர்ஸின் விதியை உங்கள் கோர்ஸுக்குப் பொருத்தினால் சிக்கல்தான்.

சேரும் முன் கல்லூரியில் கேட்க வேண்டிய கேள்வி

ஆர்வத்துக்காகப் படிப்பவர் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். கிரெடிட்டுக்காகப் படிப்பவர் என்றால் முதலில் போக வேண்டிய இடம் ஸ்வயம் தளம் இல்லை, உங்கள் துறை அலுவலகம்.

2021-ல் வந்த யுஜிசி விதிகளின்படி, ஒரு படிப்பில் ஒரு செமஸ்டருக்கான பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கக் கல்லூரி அனுமதிக்கலாம். 2016-ல் இந்த வரம்பு 20 சதவீதமாக இருந்தது. ஆனால் 40 சதவீதம் வரை 'அனுமதிக்கலாம்' என்பதை 'எந்தக் கோர்ஸ் முடித்தாலும் கிரெடிட் வரும்' என்று புரிந்துகொள்ளக் கூடாது. எந்தக் கோர்ஸ், எந்தப் பாடத்துக்குப் பதிலாக, எத்தனை கிரெடிட் என்பதை முடிவு செய்வது உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான். என்பிடெல்லில் பொதுவாக 4 வாரக் கோர்ஸுக்கு 1, 8 வாரத்துக்கு 2, 12 வாரத்துக்கு 3 கிரெடிட் என்று பரிந்துரைக்கிறார்கள். அதுவும் பரிந்துரை மட்டுமே.

ஆகவே கோர்ஸின் பெயரை எழுதிக்கொண்டு போய், 'இதை ஏற்பீர்களா?' என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. முடித்துவிட்டுப் போய் நின்றால், 'இது நம்ம லிஸ்ட்ல இல்லையேம்மா' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். பல கல்லூரிகளில் என்பிடெல் லோக்கல் சாப்டர் இருக்கும். அதற்கென்று ஒரு பேராசிரியர் பொறுப்பில் இருப்பார், 'ஸ்பாக்' என்பார்கள். அவர் யார் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ரிசல்ட் எப்போது வரும், அது கல்லூரி மதிப்பெண் பட்டியலில் ஏற நேரம் இருக்குமா என்று இறுதியாண்டு மாணவர்கள் அவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கிரெடிட் வந்து சேர ஏபிசி ஐடி தேவைப்படும். டிஜிலாக்கர் வழியாக உருவாக்கலாம். ஏற்கெனவே கல்லூரியில் போட்டிருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும், புதிதாக இன்னொன்று போடத் தேவையில்லை.

எப்படிச் சேருவது?

ஜனவரி, ஜூலை என வருடத்துக்கு இரண்டு செமஸ்டர். ஸ்வயம் இணையதளத்துக்கோ ஆப்புக்கோ போய், கோர்ஸைத் தேடி, ஜிமெயில் கணக்கால் உள்ளே நுழைந்து 'ஜாயின்' கொடுத்தால் முடிந்தது. ஸ்வயம் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். அங்கிருந்து என்பிடெல் கோர்ஸுக்குள் போனால் 'ஏசி டாட் இன்' என்று முடியும் பக்கம் திறக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் மட்டும் முக்கியம். எந்த மெயிலில் சேருகிறீர்களோ, அதே மெயிலில்தான் பின்னால் தேர்வுக்கும் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் அண்ணன் போனில் அவர் ஜிமெயிலில் சேர்ந்துவிட்டு, தேர்வுக்கு உங்கள் மெயிலைக் கொடுத்தால் அசைன்மென்ட் மார்க் ஒரு பக்கம், தேர்வு மார்க் ஒரு பக்கம் நிற்கும். கோர்ஸ் பற்றிய எல்லா அறிவிப்பும் அந்த மெயிலுக்கே வரும் என்பதால், தினமும் திறந்து பார்க்கும் மெயிலாக இருக்கட்டும்.

இலவசம்தானே என்று ஐந்து, ஆறு கோர்ஸில் பெயரைத் தட்டிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. 12 வாரக் கோர்ஸ் என்றால் சுமார் 30 மணி நேர வீடியோ. அதாவது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். கேட்க எளிதாக இருக்கும். குறிப்பு எடுப்பது, புரியாததைத் திரும்பப் பார்ப்பது, அசைன்மென்ட் போடுவது எல்லாம் இதில் சேரவில்லை. கல்லூரிப் பாடத்தோடு சேர்த்துப் படிப்பவருக்கு ஒன்று போதும். தைரியம் இருந்தால் இரண்டு.

பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம் சிரமம்தான். என்பிடெல்லில் சில கோர்ஸ்களின் பாட உரை தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. சேரும் முன் அது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வீடியோவின் வேகத்தைக் குறைத்துக் கேட்பதும், சப்டைட்டிலை ஓடவிடுவதும் நிஜமாகவே உதவும்.

மார்க் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

ஆரம்பத்தில் சொன்ன மாணவிக்கு வருவோம். என்பிடெல்லில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரக் கோர்ஸில் சிறந்த 8 அசைன்மென்ட்டின் சராசரியை எடுப்பார்கள். 8 வாரக் கோர்ஸில் சிறந்த 6. 4 வாரக் கோர்ஸில் சிறந்த 3. (புரோகிராமிங் சார்ந்த சில கோர்ஸ்களில் இந்தக் கணக்கு மாறும். அந்தந்தக் கோர்ஸ் பக்கத்தில் போட்டிருப்பார்கள்.)

அந்த மாணவி எழுதியது நான்கே அசைன்மென்ட். ஒவ்வொன்றும் 70 என்றால் மொத்தம் 280. மீதி நான்கும் பூஜ்யம். 280-ஐ எட்டால் வகுத்தால் சராசரி 35. அதை 25-க்கு மாற்றினால் 8.75. தேர்வில் எடுத்த 80, 75-க்கு மாறும்போது 60.

சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 25-க்குக் குறைந்தது 10, தேர்வில் 75-க்குக் குறைந்தது 30 வேண்டும். இரண்டும் தனித்தனியாக வேண்டும். ஒன்றில் அள்ளிக் குவித்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. 8.75 என்பது 10-க்குக் கீழே. அங்கேயே கதை முடிந்தது. அதே 70 மார்க்கில் இன்னும் ஒரே ஒரு அசைன்மென்ட் எழுதியிருந்தால் சராசரி 43.75 ஆகியிருக்கும். 25-க்கு 10.9. சான்றிதழ் கைக்கு வந்திருக்கும்.

அதுவும் 60 முதல் 74 வரை எடுத்தால் சான்றிதழில் 'எலைட்' என்று வரும். 75 தாண்டினால் எலைட்டோடு வெள்ளி, 90 தாண்டினால் தங்கம்.

அசைன்மென்ட்டுக்குக் கடைசி நேரம் பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59. அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதே கணக்கு. நேரம் தாண்டினால் கரண்ட் போச்சு, நெட் போச்சு என்று சொல்லிப் பயனில்லை. அதனால் திங்கள்கிழமையே ஒருமுறை அனுப்பி வைத்துவிட்டு, நேரம் கிடைத்தால் புதன்கிழமை திருத்துவது புத்திசாலித்தனம். தொடக்கத்தில் வரும் 'அசைன்மென்ட் 0' மார்க்கில் சேராது. அதை எழுதிவிட்டு ஒன்று முடிந்தது என்று எண்ண வேண்டாம்.

டெலிகிராமிலும் யூடியூபிலும் வாராவாரம் அசைன்மென்ட் விடைகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. எடுத்து எழுதினால் 25-க்கு 25 கூட வரலாம். ஆனால் தேர்வு கண்காணிப்பாளர் இருக்கும் மையத்தில் நேரில் எழுதுவது. அங்கே 30 வாங்க வேண்டுமே! விதிப்படியும் அது தவறு. அந்த விடைகளில் தப்பும் நிறைய என்பது தனிக் கதை.

கோர்ஸில் சேர்ந்தாலே தேர்வு எழுதலாமா?

முடியாது. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கோர்ஸில் சேருவது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. கோர்ஸ் தொடங்கிய பிறகு தேர்வுப் பதிவுக்கான அறிவிப்பு தனியாக வரும். அதற்கென்று தனிப் படிவம், தனிக் கடைசித் தேதி. அந்தத் தேதி கோர்ஸ் முடிவதற்கு வெகு முன்பே வந்துவிடும். 12 வாரமும் அசைன்மென்ட் எழுதி முடித்துவிட்டு ஹால் டிக்கெட்டைத் தேடினால், இருக்காது.

பணம் கட்ட வேண்டியதும் இங்கேதான். என்பிடெல்லில் பல செமஸ்டர்களாக ஒரு கோர்ஸுக்கு 1,000 ரூபாய். பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு உரிய சான்றிதழ் கொடுத்தால் பாதிக் கட்டணம். என்டிஏ நடத்தும் தேர்வுகளுக்குக் கட்டணம் வேறு. அந்தந்த செமஸ்டர் அறிவிப்பைப் பார்த்துக் கட்டவும். மூன்று கோர்ஸ் என்றால் 3,000 ரூபாய். எந்தக் கோர்ஸை நிஜமாக முடிப்போம் என்று முடிவு செய்ய வேண்டிய நேரமும் இதுவே. தேர்வுக்குப் பணம் கட்டாமல் விட்டால் அபராதம் எதுவும் இல்லை. தொடர்ந்து பாடம் கேட்கலாம், சான்றிதழ் மட்டும் வராது.

படிவத்தில் பெயரை எப்படிக் கொடுக்கிறீர்களோ, அப்படியேதான் சான்றிதழில் வரும். இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா என்பதில் நம்மூர் மாணவர்களுக்கு எப்போதும் குழப்பம். கல்லூரி ஆவணங்களில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள். தேர்வு மையத்துக்கான ஊரைத் தேர்வு செய்வதையும் கடைசி நாள் வரை தள்ளிப்போட வேண்டாம். அருகில் இருக்கும் ஊரில் இடம் நிரம்பிவிட்டால் அதிகாலை பஸ் பிடித்து அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும். என்பிடெல் தேர்வு கம்ப்யூட்டரில் மூன்று மணி நேரம் நடக்கும்.

இது டிகிரியா?

இல்லை. இது ஒரு பாடத்தை முடித்ததற்கான சான்றிதழ். இதையும் ஆன்லைன் டிகிரியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆன்லைனில் பட்டப்படிப்பே படிக்க விரும்புவோர், அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். ஸ்வயம் சான்றிதழைத் தேர்வு எழுதாமல் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த நம்பரை பிளாக் செய்துவிடலாம். என்பிடெல் சான்றிதழ் டிஜிட்டல் வடிவில்தான் வருகிறது. அது உண்மையா என்று வேலை கொடுப்பவர் ஆன்லைனிலேயே சரிபார்த்துவிடுவார்.

ஏற்கெனவே சில வாரம் விட்டுப்போச்சே?

இப்போது ஒரு 12 வாரக் கோர்ஸில் பெயரைக் கொடுத்துவிட்டு, நான்கு வாரமாக எட்டிப் பார்க்காதவர்களுக்கும் வாய்ப்பு முடிந்துவிடவில்லை. கணக்கில் வருவது 8 அசைன்மென்ட். மீதி இருப்பதும் 8. இனி ஒன்றையும் விடாமல் எழுதினால், விட்டுப்போன நான்கும் மார்க்கைத் தொடாது. தேர்வுப் பதிவு இன்னும் மூடவில்லையா என்று இன்றே மெயிலைத் திறந்து பாருங்கள். திறந்திருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு, வரும் புதன்கிழமைக்கான அசைன்மென்ட்டை எடுங்கள்.