பெரட்டுத் தப்பும் காமன் கூத்தும்: சப்ரகமுவத் தோட்டங்களின் இசை பற்றிய ஒரு குறிப்பு

இசை மனிதனைப் பண்படுத்தும் என்பது பொதுவான கூற்று. எத்தகைய சமூக உறவுகளுக்குள் அவ்விசை பயிலப்படுகின்றது என்பதையும் சேர்த்து நோக்கும்போதே அக்கூற்று பொருள் பெறும் என நாம் கருதுகின்றோம்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். ஏனைய மலையகத் தோட்டங்களிற் போலவே, இங்கும் விடியுமுன் தொழிலாளரை வேலைக்கு அழைத்தது பெரட்டுத் தப்பு. அதே தப்பே மாசி மாதக் காமன் கூத்துக்கும் முழங்கியது. சாவு வீட்டிலும் ஒலித்தது. துரைத்தனத்தின் நேரக் கட்டுப்பாட்டுக் கருவியை மக்கள் தம் கூட்டு வாழ்வின் குரலாகவும் ஆக்கிக்கொண்டனர். மலையக இசையின் உயிர்ப்பு இம்முரண்பாட்டிலேயே தங்கியுள்ளது.

தாலாட்டிலும் ஒப்பாரியிலும் லயத்துக்குள் அடங்கிக் கிடந்த துயரம் பொதுமேடைக்கு வந்தமை அடுத்த கட்டமாகும். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிற்சங்கக் கூட்டங்களிற் பாடினார். 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாடல் நூலையும் வெளியிட்டார். தனி மனிதனின் விதியெனக் கருதப்பட்ட துன்பம் ஒரு வர்க்கத்தின் அனுபவமாக உணரப்படுவதற்கு இத்தகைய பாடல்கள் துணைநின்றன. தொழிலாளியின் ஆளுமை வளர்ச்சி என நாம் கூறுவது இவ்வுணர்வையே.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. பாடல்களே அவர்தம் எழுதப்படாத வரலாறாயின. 1983இல் வெளிவந்த சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவற்றுட் பலவற்றைக் காத்துத் தந்தது.

ஆயினும் தொகுத்தல் மட்டும் மறுமலர்ச்சியாகாது. தப்பைக் குறித்த ஒரு சாதியாரின் கடமையாகவும் இழிவாகவும் கருதும் நிலை நீடிக்கும்வரை, அதனை மேடையேற்றிப் போற்றுவது அரைகுறைப் பணியே. எல்லாக் கைகளும் அதனைத் தயக்கமின்றி ஏந்தும் நாளிலேயே அது மக்கள் இசையாகும்.