இருட்டுக்கு ஓர் ஓசை: ஒரு முதல் இசைத்தொகுப்பு உருவான விதம்



ராக் இசை என்றாலே காதைக் கிழிக்கும் இரைச்சல் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். அதிலும் 'கோதிக் ராக்' என்றால் கேட்கவே வேண்டாம். கறுப்பு உடை, கண்ணைச் சுற்றி அப்பிய மை, கல்லறை, வௌவால் என்று ஒரு படம் மனத்தில் ஓடும். அந்தப் படம் முழுக்கப் பொய்யுமல்ல. எனினும், அவ்விசையில் என்னைக் கட்டிப்போட்டது ஓசைகளுக்கு நடுவே துணிந்து விடப்படும் வெற்றிடம்தான். இவ்விசைக்கு வழி திறந்த குழுக்களுள் ஒன்றான 'பௌஹவுஸ்', தன் முதல் இசைத்தொகுப்பை எப்படி உருவாக்கியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

'கோதிக்' என்னும் சொல் இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் கட்டடக் கலையைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில், பாழடைந்த மாளிகைகளில் நடக்கும் திகில் கதைகளுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1970களின் இறுதியில் பங்க் இசையின் வேகம் தணிந்தபோது, இங்கிலாந்தில் சில இளைஞர்கள் இருண்ட பாடல்களை இயற்றத் தொடங்கினர். இலக்கியத்திலிருந்த பெயர் இசைக்கும் வந்து சேர்ந்தது.

காலணித் தொழிலுக்குப் பேர்போன நார்தாம்டன் நகரில், 1978ஆம் ஆண்டு நால்வர் ஒன்று கூடினர். பாடகர் பீட்டர் மர்ஃபி, கிட்டார் கலைஞர் டேனியல் ஆஷ், பேஸ் கிட்டார் வாசித்த டேவிட் ஜே, அவருடைய தம்பியும் டிரம்ஸ் கலைஞருமான கெவின் ஹாஸ்கின்ஸ். 1919இல் ஜெர்மனியில் தோன்றிய புகழ்பெற்ற கலைப் பள்ளியின் பெயரையே தங்களுக்குச் சூட்டிக்கொண்டனர்.

குழு தொடங்கிச் சில வாரங்களே ஆன நிலையில், 1979 ஜனவரி 26ஆம் நாள், வெலிங்பரோ எனும் சிற்றூரின் பெக் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாடலைப் பதிவு செய்தனர். 1931இல் வெளிவந்த 'டிராகுலா' திரைப்படத்தில் நடித்த பெலா லுகோசி இறந்துவிட்டார் என்பதே அப்பாடலின் தலைப்பு. நீளம் ஒன்பதரை நிமிடம்! ஏறத்தாழ மூன்று நிமிடங்களுக்குப் பிறகுதான் பாடகரின் குரலே கேட்கும். நம் வானொலி நிலையங்கள் இதற்குள் இரண்டு விளம்பரங்களைப் போட்டு முடித்திருக்கும்.

அந்த மூன்று நிமிடங்களில் நடப்பது என்ன? டிரம்ஸ் பிரேசில் நாட்டின் போசா நோவா தாளத்தைப் போல மெல்லத் தட்டிக்கொண்டே போகிறது. பேஸ் கிட்டார் படிப்படியாகக் கீழே இறங்கும் சில சுரங்களை மட்டும் திரும்பத் திரும்ப மீட்டுகிறது. கிட்டாரோ ராகம் எதையும் வாசிப்பதில்லை. கதவு கிறீச்சிடுவது போல உரசுகிறது. இவற்றை எல்லாம் 'டிலே' எனப்படும் எதிரொலிக் கருவி பெருக்கிக் காட்டுகிறது. மின்பொறியியல் மாணவன் என்பதால் இதைச் சற்று விளக்க ஆசை. இக்கருவி உள்ளே வரும் ஒலியை நொடியின் ஒரு சிறு பங்கு நேரம் பிடித்து வைத்து, பிறகு வெளியே விடுகிறது. வெளிவந்ததில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தினால், ஒலி தேய்ந்து தேய்ந்து மறைகிறது. ஒரே ஒரு தட்டு, பெரிய குகையில் தட்டியது போலாகிவிடும். வாசிப்பவர் எவ்வளவு குறைவாக வாசிக்கிறாரோ, அவ்வளவு பெரிதாகக் குகை தோன்றும். இந்த உத்தியை அவர்கள் ஜமைக்கா நாட்டு 'டப்' இசையிலிருந்து கற்றனர். பேய் பங்களாவின் ஓசை வெயில் கொளுத்தும் தீவிலிருந்து வந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பே!

பாடல் மிக நீளம் என்று பல நிறுவனங்கள் மறுத்தன. இறுதியில் 'ஸ்மால் வொண்டர்' எனும் சிறு நிறுவனம் 1979 ஆகஸ்டில் அதை வெளியிட்டது. சுயேச்சை நிறுவனங்களின் விற்பனைப் பட்டியலில் அது நெடுங்காலம் நிலைத்திருந்தது.

இனிதான் முக்கியமான கட்டம். கையில் பேர்வாங்கிய பாடல் ஒன்று இருக்கிறது. முதல் இசைத்தொகுப்பில் அதைத்தானே முதலில் வைப்போம்? அவர்கள் வைக்கவில்லை. 1979 டிசம்பர் முதல் 1980 ஜூலை வரை, லண்டன் சதர்ன் ஒலிப்பதிவுக் கூடத்தில், வெளியார் எவரையும் தயாரிப்பாளராக அமர்த்தாமல், தாங்களே தயாரித்தனர். 'இன் தி ஃபிளாட் ஃபீல்டு' என்ற அத்தொகுப்பு 1980 நவம்பரில் 'ஃபோர் ஏ.டி.' நிறுவனத்தின் வழி வெளிவந்தது. ஒன்பது பாடல்கள். அவற்றுள் பெலா லுகோசி இல்லை.

முதல் பாடலான 'டபுள் டேர்' பற்றி ஒரு செய்தி உண்டு. பி.பி.சி. வானொலியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்காக அதை ஏற்கெனவே பதிவு செய்திருந்தனர். ஒலிப்பதிவுக் கூடத்தில் மறுபடி வாசித்தபோது அந்த வேகம் வரவில்லை. எனவே, உரிய அனுமதி பெற்று வானொலிப் பதிவையே தொகுப்பில் சேர்த்தனர். ஆக, பழைய பதிவு வேண்டாம் என்ற பிடிவாதம் அவர்களிடம் இல்லை. எது தொகுப்போடு ஒட்டுகிறது என்பதையே பார்த்தனர். என் கணிப்பில், அந்த ஒன்பதரை நிமிடம் இத்தொகுப்புக்குள் இருந்திருந்தால், பரபரப்பான மற்ற பாடல்கள் அதன் நிழலில் நின்றிருக்கும்.

இசை ஏடுகளான 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்', 'சவுண்ட்ஸ்' இரண்டும் தொகுப்பைக் கடுமையாகச் சாடின. நாட்டின் பொது விற்பனைப் பட்டியலில் 72ஆம் இடம், அதுவும் ஒரே வாரம். சுயேச்சைப் பட்டியலிலோ முதலிடம்!

இதை நான் எழுதக் காரணம் உண்டு. ஸ்கூடாயில் நாங்கள் ஐவர் சொந்தப் பாடல்களைப் பதிவு செய்யத் திட்டமிட்டு வருகிறோம். தீபாவளி இரவில் கைத்தட்டல் வாங்கிய பழைய திரைப்பாடலையும் சேர்க்க வேண்டும் என மூவர் சொல்கின்றனர். நானும் இன்னொருவரும் வேண்டாம் என்கிறோம். மாமாக் கடையில் தே தாரேக் ஆறிப்போகும்வரை வாதம் நீள்கிறது. நம்மவரால் முடியுமா என்று கேட்போருக்குக் கடற்பாலத்தின் மறுகரையே பதில் சொல்லும். சிங்கப்பூரில் 1992இல் இந்திய இளைஞர்கள் தொடங்கிய 'ருத்ரா' குழு, கடும் மெட்டல் இசையில் சமஸ்கிருத மந்திரங்களைக் கலந்தது. தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பை 1998இல் வெளியிட்டது. அது கோதிக் ராக் அல்ல. ஆனால், யாரும் கேட்காத ஓர் ஓசையை முதல் தொகுப்பிலேயே முன்வைத்த துணிச்சல் அதற்கும் இருந்தது.

பௌஹவுஸ் தொகுப்பைக் கேட்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. பிற்காலக் குறுந்தட்டுகளில் வேறு பாடல்களையும் பின்னால் சேர்த்துள்ளனர். 'டபுள் டேர்' தொடங்கி 'நெர்வ்ஸ்' வரையிலான ஒன்பதையும் வரிசை மாற்றாமல், விளக்கை அணைத்துவிட்டு, ஒரே அமர்வில் கேளுங்கள். பெலா லுகோசியை மறுநாள் தனியே கேட்கலாம்.