உதிர்ந்த சருகு எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமையில் கட்டுச்சோறும் கையுமாகக் குடும்பத்துடன் போரிவிலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தவர்கள் நம் வாசகர்களில் பலர் இருப்பார்கள். கோடையில் போனவர்களுக்குத் தெரியும்; தேக்கிலைகள் சருகாகி எங்கு பார்த்தாலும் குவிந்து கிடக்கும். கால் வைத்தால் நொறுங்கும். மழைக்காலம் முடிந்து தீபாவளிச் சமயத்தில் அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். சருகில் பெரும்பகுதியைக் காணோம். யாரும் பெருக்கி அள்ளவில்லை. பின் எங்கே போயிற்று?

மண்ணுக்குள் போயிற்று. கரையானும் மண்புழுவும் காளான் வகைகளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதைத் தின்று தீர்த்துவிட்டன. மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அதிலுள்ள கரியைக் கொண்டுதான் இலை, கிளை, வேர் எல்லாவற்றையும் உண்டாக்கிக் கொள்கிறது. சருகு மக்கும்போது அந்தக் கரியில் பெரும்பகுதி மறுபடி வாயுவாகிக் காற்றுக்கே திரும்பிவிடும். மிஞ்சும் சொற்பப் பகுதி களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு மண்ணில் தங்குகிறது. மண்ணுக்குள்ளேயே மடியும் மெல்லிய வேர்களும் தம் பங்கைச் சேர்க்கின்றன. இப்படித் தங்கியதில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் கலையாமல் இருக்கும்.

மாதச் சம்பளக்காரருக்கு இது எளிதில் விளங்கும். சம்பளத்தில் பெரும்பகுதி அந்த மாதமே செலவாகிவிடும். பிராவிடண்ட் பண்டுக்குப் பிடிக்கும் தொகை மட்டும் ஓசைப்படாமல் சேரும். மண்ணில் சேரும் கரிதான் காட்டின் பிராவிடண்ட் பண்டு.

அறுக்காமல் விட்ட வயல்

இது எவ்வளவு வேகத்தில் சேருகிறது? இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற ஊரில் 1843 முதல் இயங்கிவரும் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கே 1882-ல் ஒரு கோதுமை வயலின் சிறு பகுதியை அறுவடை செய்யாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். அதன்பின் உழவில்லை, விதைக்கவில்லை. கோதுமை போய்க் களை வந்தது. களைக்குப் பின் புதர். புதருக்குப் பின் மரம். இன்று அது ஒரு சிறு காடு.

120 ஆண்டுகளின் கணக்கை விஞ்ஞானிகள் போட்டுப் பார்த்தார்கள். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, மரங்களிலும் வேர்களிலும் ஆண்டுக்குச் சராசரி 2,850 கிலோ கரி சேர்ந்திருந்தது. மண்ணில் சேர்ந்தது 540 கிலோதான். மரத்தோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 120 ஆண்டுகளில் அதுவே சுமார் 65 டன் ஆகிவிட்டது!

வயதான காடும் சும்மா இல்லை

காடு முதிர்ந்துவிட்டால் வரவும் செலவும் சரியாகிவிடும், அதன்பின் சேமிப்பு கூடாது என்றே வெகுகாலம் கருதப்பட்டது. தென் சீனாவில் டிங்ஹூ மலையில் 400 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு காடு இருக்கிறது. அங்கே 1979 முதல் 2003 வரை மண்ணைச் சோதித்தார்கள். மேலாக உள்ள 20 சென்டிமீட்டர் மண்ணில் கரியின் அளவு 1.4 சதவிகிதத்திலிருந்து 2.35 சதவிகிதமாக உயர்ந்திருந்தது. கிழக்காடும் சேமித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பது 2006-ல் வெளியான இந்த ஆய்வின் முடிவு.

நம் நாட்டுக் கணக்கும் கவனிக்கத் தக்கது. இந்திய வன அளவைத் துறையின் 2021-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நம் காடுகளில் உள்ள கரி சுமார் 720 கோடி டன். அதில் 56 சதவிகிதம் மரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது.

மரத்துக்கு மரம் ஈடாகுமா?

2019 அக்டோபரில், இந்தப் பூங்காவை அடுத்த ஆரே பகுதியில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக 2,141 மரங்கள் வெட்டப்பட்டன. இப்படி எங்கே மரம் விழுந்தாலும், "ஒன்றுக்குப் பதில் பல கன்றுகள் நடுகிறோம்" என்பதே வழக்கமான பதில். கன்று நடுவது நல்ல காரியம்தான். ஆனால் கன்று மரமாவதற்கே பல்லாண்டு வேண்டும். அதன் அடியில் பழைய காட்டு மண் உண்டாக ஒரு தலைமுறை போதாது. சேமிப்பு கரைவதற்கோ அவ்வளவு காலம் வேண்டியதில்லை. காட்டை வெட்டி மண்ணைக் கிளறினால், சேர்ந்த கரியில் கணிசமான பகுதி சில பத்தாண்டுகளிலேயே காற்றோடு போய்விடும்.

நஷ்டம் காற்றோடு நிற்பதில்லை. மக்கு நிறைந்த மண் மழைநீரைப் பஞ்சு போல உறிஞ்சி, மெல்ல மெல்ல வெளியே விடும். மும்பைக்குக் குடிநீர் தரும் விஹார், துளசி ஏரிகள் இந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கின்றன. சாலில் இருந்தாலும் அடுக்குமாடியில் இருந்தாலும், நம் குழாய்த் தண்ணீருக்கும் அந்தச் சருகுக்கும் சம்பந்தம் உண்டு.

ஆகவே அடுத்த முறை பூங்காவுக்குப் போகும்போது அணையாத பீடித் துண்டைச் சருகில் எறியாதீர்கள். பக்கத்தில் யாராவது எறிந்தால் மிதித்து அணையுங்கள். சருகு குப்பையல்ல, காடு இந்த ஆண்டுக்குக் கட்டும் தவணை.