குறி தவறாமையின் இரகசியம்

மந்திர் மார்க்கிலுள்ள நம் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரில் சிலர், துப்பாக்கி சுடுதலும் ஒரு விளையாட்டா என்று வினவக்கூடும். அதனுள் அடங்கிய நுட்பத்தை அறிந்தால் அவ்வாறு வினவார் என்பது நம் கருத்து.

மேலை நாடுகளில் 1,000 கஜத் தொலைவிலுள்ள இலக்கைச் சுடுவோர் பலர், தங்கள் தோட்டாக்களைத் தாமே தயாரித்துக்கொள்கின்றனர். பித்தளைக் கூடு, தீ மூட்டும் சிறு மூடி, மருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. கூடுகளை எடை பார்த்துப் பிரிப்பர். மருந்தை நுண்ணிய தராசில் நிறுத்து இடுவர். குண்டின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் குறைந்தாலும், அத்தொலைவில் அது ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்துவிடும். ஆகவே மருந்தின் மிகுதியன்று, ஒரு தோட்டா மற்றொன்றைப் போலவே இருத்தல்தான் குறியைக் காக்கிறது.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றி எவரும் தோட்டா தயாரித்தல் குற்றமாகும். வீட்டில் மருந்தைக் கையாளுதல் உயிருக்கும் கேடு.

ஆயினும் மருந்தே இல்லாத காற்றுத் துப்பாக்கியிலும் இதே நுட்பம் உண்டு. இலக்கு 10 மீட்டர் தொலைவில் நிற்கும். ஈயக் குண்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர், இலக்கின் நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர்தான். தேர்ந்த வீரர்கள், துப்பாக்கியை அசையாமல் பிணைத்து, பல தொகுதிக் குண்டுகளைச் சுட்டுப் பார்ப்பர். எத்தொகுதி ஒரே துளையில் நெருங்கி விழுகிறதோ, அதையே போட்டிக்கு எடுத்து வைப்பர்.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், நம்மைப் போலவே வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பெண். 2019இல் ரியோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுகளுக்கு 630.7 புள்ளிகள் பெற்றுப் பத்தாம் இடத்தில் நின்றார். இறுதிச் சுற்றுக்கு எண்மரே செல்லலாம். 631.5 புள்ளிகள் பெற்ற மற்றோர் இந்திய வீராங்கனை ரமிதா ஐந்தாம் இடத்தோடு உள்ளே சென்றார். இருவருக்கும் இடையே 0.8 புள்ளிதான் வேறுபாடு. கால் மில்லிமீட்டருக்கு 0.1 புள்ளி என்பது கணக்கு. அறுபது குண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், வேறுபாடு ஏறக்குறைய 2 மில்லிமீட்டரே!

தில்லியில் 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளுக்காக அமைந்த கர்ணி சிங் சுடுதளம் துக்ளகாபாத்தில் இருக்கிறது. ஆர்வமுள்ள பிள்ளைகளை அங்கு நடக்கும் போட்டி ஒன்றைக் காண அழைத்துச் செல்லுங்கள். முரட்டுத்தனத்தை அங்கே காண மாட்டீர்கள். மூச்சையடக்கி, ஒரே செயலை அறுபது முறை மாறாமல் செய்யும் பொறுமையைக் காண்பீர்கள். படிப்புக்கும் வேண்டுவது அதுவேயன்றோ?