வீட்டிலிருந்தே சிரமதானம்

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அக்காலந்தொட்டு, சிரமதானம் என்பது கிராம மக்களுக்குப் பழகிய சொல்லாகிவிட்டது. ஊருணியைத் தூர் வாருவதும், சாலைக்கு மண் கொட்டுவதும் ஊரார் கூடிச் செய்த நற்பணிகளாகும். ஆயின், அதற்கு மண்வெட்டி பிடிக்கும் கையும், கூடை சுமக்கும் தோளும் வேண்டியிருந்தன. நடக்க இயலாதவரும் பார்வை இழந்தவரும் கரையில் அமர்ந்திருக்க நேர்ந்தது. அவர்கள் உதவி பெறுவோர், ஏனையோர் உதவி செய்வோர் என்னும் எண்ணம் இன்றளவும் நம்மிடையே நிலவுகிறது. கிராம சபையில் மாற்றுத்திறனாளி ஒருவரைக் கண்டதும், அவர் மனுவுடன் வந்திருப்பார் என்றே நாம் கருதிவிடுகிறோம்.

இந்நிலையை மாற்றக்கூடிய சிரமதானம் ஒன்று உண்டு. கணினி அல்லது கைப்பேசியின் துணைகொண்டு, இருந்த இடத்திலிருந்தே செய்யும் இணையவழித் தொண்டு அது. நம் கோவில்பட்டி வட்டாரத்திற்கு இது முற்றிலும் புதியதன்று. முன்பு தீப்பெட்டி ஒட்டும் வேலை வீடு தேடி வந்ததை அறிவோம். அது கூலிக்குச் செய்த வேலை. இது கூலி கருதாத தொண்டு. வேற்றுமை அவ்வளவே.

தமிழுக்குக் கிடைத்த பயன்

1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் இதனை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தமிழர் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, யாவரும் விலையின்றிப் பெறுமாறு இணையத்தில் வைத்தனர். ஒருவரையொருவர் நேரில் காணாதவர் பலர் கூடிச் செய்த பணி அது. ஐக்கிய நாடுகளின் தொண்டர் அமைப்பும் 2000-ஆம் ஆண்டில் இணையவழித் தொண்டுக்கென ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது.

இன்று நம்மவர் எளிதில் பங்குகொள்ளத்தக்கது தமிழ் விக்கிமூலம் என்னும் இணைய நூலகம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் 2000-க்கும் மேற்பட்டவற்றின் படிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வாயிலாக இதற்குக் கிடைத்தன. அண்டையிலுள்ள எட்டயபுரம் ஈன்ற பாரதியாரின் பாடல்கள் 1949-ஆம் ஆண்டிலேயே அரசுடைமை ஆனவை என்பதை இங்கு நினைவுகூரலாம்.

வேலை நடைபெறும் முறை

திரையின் ஒரு பக்கத்தில் நூலின் பக்கம் படமாகத் தோன்றும்; மறுபக்கத்தில் இயந்திரம் படித்து எழுதிய எழுத்துகள் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை களைவதே தொண்டு. ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள் நிறக் குறி பெறும். வேறொருவர் மீண்டும் சரிபார்த்த பின்னரே பச்சைக் குறி கிட்டும். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்திய நூல்களில் லை, னை, றா போன்றவை பழைய வடிவில் அச்சாகியுள்ளன. அவ்விடங்களில் இயந்திரம் தடுமாறக்கூடும். பழைய புத்தகம் படித்த முதியவர் தடுமாறார். ஆகவே இப்பணி முதியோருக்கும் ஏற்றது.

திருத்தியதனால் விளையும் பயன் யாது? படமாக உள்ள பக்கத்தைப் பார்வையற்றோரின் திரைவாசிப்பு மென்பொருள் அப்படியே படிக்க இயலாது. எழுத்தாக மாறிய பக்கத்தை அது உரக்கப் படித்துக் காட்டும். கால் வழங்காத ஒருவர் கயத்தாற்றில் அமர்ந்து திருத்திய பக்கத்தை, கண் தெரியாத மாணவர் ஒருவர் சென்னையில் கேட்டுப் பயிலலாம்.

பார்வையற்றோரும் இங்குக் கொடுப்போரே. 'என்விடிஏ' என்னும் விலையில்லாத் திரைவாசிப்பு மென்பொருளை 2006-ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் பார்வையற்றவர். அம்மென்பொருளைத் தொண்டர்கள் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பெயர்த்துள்ளனர். பார்வையற்ற தொண்டர் அத்தகைய மொழிபெயர்ப்பில் ஈடுபடலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் தம் ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதலாம். ஓர் இணையதளம் தம்மைப் போன்றோர்க்குப் பயன்படுமாறு அமைந்துள்ளதா எனச் சோதித்துக் கூறலாம்.

கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, இது தொண்டேயன்றி வேலைவாய்ப்பு அன்று. இதனைக் காட்டி, மாற்றுத்திறனாளிக்குச் சேர வேண்டிய உதவித்தொகையையோ ஊதியத்தையோ தட்டிக்கழிப்பது முறையாகாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று அவர்தம் உரிமைகளை வகுத்துள்ளது. அவ்வுரிமைகள் வேறு, தொண்டு வேறு.

இரண்டாவதாக, வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்போர் உளர். உண்மையான தொண்டு அமைப்பு தொண்டரிடம் முன்பணம் கேட்பதில்லை. வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணை எவருக்கும் கூறலாகாது. விக்கிமூலத்தில் சேர ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போதும்.

மூன்றாவதாக, நூலின் பதிப்புரிமையை அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் அவ்வுரிமை நீடிக்கும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கது

கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பி விதைத்து, மாசி பங்குனியில் அறுவடை முடிந்தால், காட்டு வேலை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அவ்வோய்வு மாதங்கள் பயிற்சிக்கு ஏற்றவை. நூலகத்திலோ ஊராட்சிக் கட்டடத்திலோ ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் தொடங்கிவிடலாம். வாசலில் சாய்தளம் அமைத்தல் இன்றியமையாதது. வெளியே வர இயலாதவருக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் வீட்டிற்கே சென்று, கைப்பேசியில் கற்றுத்தரலாம். நாளொன்றுக்கு ஒரு பக்கம் திருத்தினாலும், 200 பக்க நூல் ஏழு மாதத்திற்குள் முடிவடையும்.

ஒவ்வோர் ஊராட்சியும் முதலில் இருவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒருவர் திருத்த, மற்றவர் சரிபார்ப்பார். அடுத்த கிராம சபையில் அவர்கள் முடித்த பக்கங்களின் எண்ணிக்கையை மன்றத்தில் படித்துக் காட்டுவோமாக. மனுக் கொடுக்க மட்டுமே வந்தவர் என்று நாம் எண்ணியிருந்தவர், ஊருக்குக் கொடுத்தவராகவும் அன்று அவையில் அமர்ந்திருப்பார்.