முன்னே குட்டை, பின்னே நெட்டை

பத்துத் தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். பிறகு நடுப்பெட்டியின் முன்பக்கத்தை மட்டும் நசுக்கி மறுபடி அடுக்குங்கள். மேலிருப்பவை எல்லாம் முன்னே சாய்கின்றன, அல்லவா? முதுகெலும்பில் காசநோய் கண்ட குழந்தைக்கு நேர்வதும் இதுவே.

காசநோய் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. அதன் கிருமிகள் இரத்தத்தின் வழியே முள்ளெலும்புகளை அடைந்து, எடை தாங்கும் முன்பகுதியை அரிக்கின்றன. பின்பகுதி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆகவே கூன் விழுகிறது. சீழும் சிதைந்த எலும்பும் தண்டுவடத்தை அழுத்தினால் கால்களே செயலிழக்கும். லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் இதை விவரித்தார். (கிருமியைக் காக் கண்டுபிடித்தது 1882இல்தான்!)

ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்னும் இருவர் 1956இல் ஒரு துணிச்சலான முறையை வெளியிட்டனர். மார்பைத் திறந்து முன்புறமாக நுழைந்து, சீழையும் செத்த எலும்பையும் அகற்றி, நோயாளியின் விலா எலும்புத் துண்டையே அங்கு முட்டுக் கொடுத்தனர். பிறகு சென்னையில் நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், கால்கள் செயலிழக்காதவர்களில் பெரும்பாலோர் மருந்தாலேயே குணமடைவது தெரிந்தது. கத்தி எல்லோருக்கும் தேவையில்லை.

ஆனால் குழந்தை வளர்கிறதே! சிக்கல் அங்கேதான். சென்னை ஆய்வில் மருந்து பெற்ற 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் கவனித்து, கோவை மருத்துவர் ராஜசேகரன் 2001இல் முடிவை வெளியிட்டார். பலருக்கு வளர வளரக் கூன் குறைந்தது. ஏறத்தாழ பத்தில் நால்வருக்கோ, கிருமி அழிந்த பிறகும் கூன் கூடிக்கொண்டே போயிற்று! ஏன்? முன்பக்கத்தில் வளரும் பகுதி அழிந்துவிட்டது, பின்பக்கம் வளர்கிறது. சாயச் சாய உடல் எடையின் திருப்புத்திறன் பெருகுகிறது. அழுத்தப்படும் எலும்போ மெதுவாகவே வளரும்.

இதை முன்கூட்டி அறிய எக்ஸ்ரே படத்தில் நான்கு அறிகுறிகளை அவர் கூறினார். எனக்குப் பிடித்த ஒன்றுக்கு அளவுகோலும் பென்சிலும் போதும். நோயிடத்துக்குக் கீழுள்ள நல்ல முள்ளெலும்பின் முன்முகத்தை ஒட்டி மேல்நோக்கி ஒரு கோடு இழுக்க வேண்டும். அது மேலேயுள்ள முதல் நல்ல முள்ளெலும்பின் முன்முகத்தை நடுவுக்கு மேலே வெட்டினால், அடுக்கு கவிழத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போதே பின்பக்க எலும்புகளைத் திருகும் கம்பியும் கொண்டு இணைத்துவிடலாம். கூன் முற்றிய பின் செய்யும் அறுவையில் தண்டுவடத்துக்கே ஆபத்து உண்டு.

உங்கள் தம்பியோ தங்கையோ கீழே விழுந்த காசைக் குனிந்து எடுக்காமல், முதுகை விறைப்பாக வைத்துக் குந்தி எடுக்கிறார்களா? வாரக்கணக்கில் முதுகுவலி என்கிறார்களா? அம்மாவிடம் சொல்லுங்கள், மருத்துவர் பார்க்கட்டும்.